செட்டிநாட்டு வீட்டுச் சோலாருக்குப் பொருந்தும் பி.எம்.எஸ்.: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

காரைக்குடியை அடுத்த எங்கள் ஊர் வீட்டில் 5 கிலோவாட் சோலார் இன்வர்ட்டரும், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் 16-ஐ வரிசையாக இணைத்த 51.2 வோல்ட், 280 ஆம்பியர்-அவர் பேட்டரியும் சில ஆண்டுகளாக ஓடுகின்றன. இன்வர்ட்டரோடு ஒத்துப்போகும் பி.எம்.எஸ். (ஒவ்வொரு செல்லையும் கண்காணித்துப் பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) அமைந்தால்தான் நல்ல செல்களாலும் பயன் உண்டு என்பதே நான் கண்டது.

கடையில் ஆம்பியரைத்தான் முதலில் பேசுவார்கள். பேட்டரி இறங்கி 48 வோல்ட்டில் இருக்கும்போது 5000 வாட் எடுத்தால் 104 ஆம்பியர் ஓடும். இன்வர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 110-ஐத் தாண்டும். கிணற்று மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் இதைவிடக் கூடுதல். ஆகவே 100 ஆம்பியர் பி.எம்.எஸ். போதாது, 200 ஆம்பியரே நிம்மதி.

அதைவிட முக்கியமானது தகவல் தொடர்பு. எங்களுக்கு முதலில் வந்த பி.எம்.எஸ்.ஸில் புளூடூத் மட்டுமே இருந்தது. அது கைப்பேசிக்கு உதவுமே தவிர, இன்வர்ட்டருக்கு எதையும் சொல்லாது. ஒரு நண்பகலில் செயலியைப் பார்த்தபோது பதினைந்து செல்கள் 3.40 வோல்ட்டில் இருக்க, ஒன்பதாவது செல் மட்டும் 3.64-ஐத் தொட்டிருந்தது. அது 3.65-ஐ எட்டியதும் பி.எம்.எஸ். சார்ஜைத் துண்டித்தது, மொத்த மின்னழுத்தம் 55 வோல்ட்கூட ஆகாததால் 56 வரை ஏற்ற முனைந்திருந்த இன்வர்ட்டர், திடீர்த் துண்டிப்பைத் தாங்காமல் பிழை காட்டி நின்றது. நல்ல வெயிலில் வீடு முழுவதும் மின்சாரம் போயிற்று. கேன் அல்லது ஆர்.எஸ்.485 எனும் தகவல் கேபிள் இணைப்பு வழியாக இரண்டும் இணைந்திருந்தால், ஒரு செல் முந்தும்போதே சார்ஜ் மின்னோட்டத்தைக் குறைக்கும்படி பி.எம்.எஸ். தெரிவித்திருக்கும். இன்வர்ட்டரில் பேட்டரி வகையை ‘யூசர்’ (மின்னழுத்த வரம்புகளை நாமே குறிக்கும் முறை) என்று வைத்துவிட்டால் போதும், தகவல் இணைப்பு வேண்டாம் என்று, மின்வேதியியலுக்கென்றே 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் காரைக்குடியிலும் பழைய லெட்-ஆசிட் பேட்டரிப் பழக்கத்தில் சொல்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்போதுள்ள பி.எம்.எஸ்.ஸில் கேன் இணைப்பும், 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சரும் (கூடுதல் சார்ஜ் உள்ள செல்லிலிருந்து குறைந்த செல்லுக்கு மாற்றிச் சமன்செய்வது) உள்ளன. செல்களுக்கிடையே 10 ஆம்பியர்-அவர் வேறுபாடு இருந்தால், கூடுதல் சார்ஜை வெப்பமாக்கிக் கழிக்கும் 100 மில்லி ஆம்பியர் பாசிவ் பேலன்சருக்கு அதைச் சரிசெய்ய 100 மணி நேரம் வேண்டும். எங்கள் ஆக்டிவ் பேலன்சருக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் போதும். சார்ஜ் உச்சத்தையும் செல்லுக்கு 3.45 வீதம் 55.2 வோல்ட்டாகக் குறைத்து வைத்திருக்கிறேன். அதன்பின் அந்தத் துண்டிப்பு நேரவில்லை. கேபிள் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை: பி.எம்.எஸ்.ஸையும் இன்வர்ட்டரையும் இணைக்கும் லேன் கேபிள் இரு பக்கமும் பொருந்திவிடும், ஆனால் எந்த முனையில் எந்தக் கம்பி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது செல்களின் ஆயுளைக் குறைக்கும் என்பதால், அக்னி நட்சத்திர வெயில் காயும் மொட்டை மாடி அறையைத் தவிர்த்து, கனத்த சுவர்கள் சூழ்ந்த இரண்டாம் கட்டில் பேட்டரியை வைத்தோம். பி.எம்.எஸ்.ஸின் வெப்ப உணரியை அதன் பலகை ஓரத்திலேயே விடாமல், நடுச் செல்களுக்கிடையே ஒட்டச் செய்யுங்கள். இன்வர்ட்டர் திரையில் தெரியும் பேட்டரி சதவீதமும் பி.எம்.எஸ். செயலி காட்டுவதும் ஒன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கடைக்காரருக்கு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.