இலவச மாடித்தோட்டப் பயிற்சி: கேவிகேயா, கடை வகுப்பா, விதைத் திருவிழாவா, பக்கத்துத் தெரு மொட்டை மாடியா?

மாடித்தோட்டம் போட ஆசைப்பட்டு "இலவசமா எங்கே கத்துக்கலாம்" என்று யாராவது கேட்டால், தெரிந்த எல்லா இடத்தையும் சொல்லி, எல்லாமே நல்லதுதான், எதுக்காவது போய்ட்டு வாங்க என்று அனுப்பிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வோர் இடத்திலும் சொல்லித் தருகிறவர் வேறு, அவர் எதற்காகச் சொல்லித் தருகிறார் என்பதும் வேறு, அதனால் நாம் வீட்டுக்கு எடுத்துவருவதும் வேறு. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: விதை போட்டு ஒன்றரை மாதம் கழித்து மிளகாய் இலை சுருளும்போது, போனை எடுத்துக் கேட்க அங்கே ஒரு ஆள் இருக்கிறாரா?

முதலில் வேளாண் அறிவியல் நிலையம், அதாவது கேவிகே (கிருஷி விக்யான் கேந்திரா). நாட்டின் முதல் கேவிகே 1974-ல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. இப்போது தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது, பல பயிற்சிகளுக்குக் காசு வாங்குவதில்லை (சிலவற்றுக்கு உண்டு, போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்). இதில் இருக்கிற சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் வேலை நாட்களில்தான் நடக்கும், ஊருக்கு வெளியே இருக்கும், பேச்சு முழுக்க ஏக்கருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கில் ஓடும். பத்து குரோ பேக் (செடி வளர்க்கும் பை) வைத்திருக்கிறவருக்கு அதை எப்படிச் சுருக்குவது என்று புரியாது.

ஆனால் பூச்சி, நோய் விஷயத்தில் இவர்களுக்கு நிகராக வேறு யாரும் இல்லை. சுருண்ட மிளகாய் இலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பூச்சியியல் படித்தவர் முதலில் அது எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்றுதான் பார்ப்பார். ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கியிருந்தால் இலைப்பேன் என்ற குட்டிப் பூச்சி, கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தால் முரணைச் சிலந்தி என்ற பொடிச் சிலந்தி. அப்புறம் இலையைத் திருப்பி, அடியில் லென்ஸ் வைத்துக் காட்டுவார், நம் கண்ணுக்குத் தூசி மாதிரித் தெரிந்தது நகரும். வெள்ளை ஈ பரப்பிய வைரஸ் என்றால் எதைத் தெளித்தும் அந்தச் செடி தேறாது, பிடுங்கிப் போட்டு மற்ற செடிகளைக் காப்பாற்றுங்கள் என்பார். மூன்றுக்கும் "இலைச்சுருட்டலா, வேப்பெண்ணெய் அடிங்க" என்ற ஒரே பதிலைத்தான் மற்ற இடங்களில் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். 2008-ல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்டு, மளமளவென்று பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பாருங்கள். கண்ட மருந்தையும் அடித்தும் அடங்காத அது, 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவியால்தான் கட்டுக்குள் வந்தது. எந்தப் பூச்சி, அதற்கு எது எதிரி என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளையையும் (கிட்) இங்கேயே சேர்த்துச் சொல்கிறேன். பை, தென்னைநார்க் கட்டி (கோகோபீட்), விதை இவற்றோடு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்ப் பாக்கெட்டுகளும் வரும். விதையைப் போட்டுவிட்டு இந்தப் பாக்கெட்டுகளை அலமாரியில் வைத்துவிடுகிற வீடுகள்தான் அதிகம், காலாவதி தேதி தாண்டிவிடும். அவற்றை மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் சில நாள் வைத்து அப்புறம் பைகளில் போட வேண்டும் என்பதைக் கையால் செய்து காட்டுகிற பயிற்சி என்றால் கண்டிப்பாகப் போங்கள். வெறும் ஸ்லைடு போட்டுக் காட்டினால் அது மனதில் நிற்காது.

கடைகளும் நர்சரிகளும் நடத்தும் இலவச வகுப்புக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். முதல்முறை தொட்டி நிரப்புகிறவருக்கு இரண்டு மணி நேரத்தில் ஒரு தைரியம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கேள்விக்கும் பதில் அங்கே மேசையில் இருக்கிற பாட்டிலாகவே இருக்கும். போனால் ஒன்று கேளுங்கள்: இந்தக் கோகோபீட் கழுவியதா, கழுவாததா? கழுவாத கட்டியில் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழியாமல் போட்டால் நாற்றின் இலை ஓரம் கருகும். இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிற கடை என்றால் நம்பி வாங்கலாம்.

விதைத் திருவிழாக்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த மறைந்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய நெல் வாங்கிப்போன விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டியிருந்தது. காய்கறி விதை பகிர்கிறவர்களிடமும் அந்த மனசு இருக்கிறது. சிறகு அவரை, மூக்குத்தி அவரை, கடையில் பார்க்கவே முடியாத கத்தரி ரகங்கள் என்று கை நிறையக் கொடுப்பார்கள். ஆனால் திருவிழா பாடம் படிக்கும் இடம் இல்லை. கூட்டத்தில் யாரும் உங்களுக்கென்று நின்று விளக்க முடியாது. விதையிலும் கவனம் வேண்டும்: தக்காளி, அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, அதனால் நம்பி வாங்கலாம், சுரை, பூசணி, பீர்க்கு எல்லாம் பக்கத்துச் செடியோடு எளிதில் கலந்துவிடும். வேறு மகரந்தம் சேராமல் பூவைக் கட்டிவைத்து எடுத்த விதையா என்று கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பூக் கட்டுவதைக் கற்றுக்கொள்ள இடம், நாலாவது வகை: வீட்டுத் தோட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசிவைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் மாடியில் கூடுவது. சான்றிதழ் கிடையாது, நேரத்துக்குத் தொடங்காது, பாதிப் பேச்சு டீயிலும் அரட்டையிலும் போகும். ஆனால் சாயங்காலம் சுரைப்பூ விரிகிற நேரத்தில் ஒரு அக்கா, காலையிலேயே நூலால் வாய் கட்டிவைத்த பெண் மொட்டைக் காட்டி, "கீழே குட்டிக் காய் இருக்கு பாருங்க, இதுதான் பொண்ணு" என்று சொல்லி, ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு மகரந்தத்தை அதன் நடுவில் தடவி, மறுபடி கட்டிவிடுவதைப் பார்த்தால் அப்புறம் மறக்காது. அதே வெயில், அதே போர்வெல் தண்ணீர், அதே குரங்குத் தொல்லையில் அவர் வளர்க்கிறார் என்பதுதான் இதன் பலம். ராத்திரி எட்டு மணிக்குப் படம் எடுத்து அனுப்பினாலும் பதில் வரும். பலவீனமும் உண்டு: எல்லா நோய்க்கும் பஞ்சகவ்யா, மீன் அமிலம் போன்ற இயற்கைக் கரைசல்கள்தான் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இங்கே நிறைய, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதிக்காமலே பரப்புவார்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் வரிசை இது: முதலில் பக்கத்து மாடிக் கூட்டம், அங்கேயே கொஞ்சம் விதையும் நாற்றும். காய்க்கத் தொடங்கி முதல் பூச்சி வந்ததும் கேவிகே. விதைத் திருவிழா ஒரு பட்டம் விளைச்சல் எடுத்த பிறகு, கொடுப்பதற்கும் கையில் ஏதாவது இருக்கும்போது. வீட்டில் வாட்ஸ்அப் குழு, கூட்டம் எதற்கும் வழியில்லாதவர்கள், கிராமத்தில் கொல்லை வைத்திருக்கிறவர்கள் நேராகக் கேவிகேவுக்கே போகலாம், அவர்கள் பேசும் கணக்கு உங்களுக்குப் பொருந்தும். ஆடிப்பட்டத்துக்கு விதைக்கப் போகிறீர்கள் என்றால் வைகாசியிலேயே போன் செய்து பெயர் கொடுத்துவிடுங்கள். போகும்போது நோய் கண்ட இலையைத் தனியாகக் கிள்ளாமல் சிறு கிளையோடு வெட்டி, காகிதத்தில் சுற்றி, காலையிலேயே கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் வேர்த்து அழுகி, பார்க்க வேண்டியதே தெரியாமல் போய்விடும்.