எவர்ட்ரைவ், ஒமேகா டிஈ, பழைய சூப்பர்காட்: வன்னிக்கு எது தோதானது?

கேம்போய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்கு ஃபிளாஷ் காட்ரிஜ் (எஸ்டி காட்டில் உள்ள விளையாட்டுகளை ஓட்டும் காட்ரிஜ்) தேடுபவர்கள் விலையையும் மெனுவின் அழகையும்தான் முதலில் பார்க்கிறார்கள். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்து வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: சேவ், அதாவது விளையாட்டை விட்ட இடத்தின் பதிவு, எதில் தங்குகிறது? பழுதுகளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எவர்ட்ரைவ் ஜிபிஏ எக்ஸ்5 சேவ் பதிவை எஸ்ராம் என்ற நினைவகத்தில் எழுதுகிறது. கன்சோலை அணைத்த பிறகு அதைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் சிறிய லித்தியம் பற்றரி மட்டுமே. அடுத்த முறை ஒன் செய்யும்போதுதான் சேவ் எஸ்டி காட்டுக்குப் போகும். ஆகவே மெனு வருகிறது, விளையாட்டு ஓடுகிறது, இரவு செய்த சேவ் மட்டும் காலையில் இல்லை என்றால் வேறெதையும் நோண்டாமல் மல்டிமீற்றரை எடுங்கள். 3 வோல்ற் அளவில் இருந்தால் பற்றரி நல்லது, 2.5க்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். மாற்றுமுன் அதன் மேல் அச்சிட்டிருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தகடு ஒட்டிய பற்றரியாக இருந்தால் தகடு ஒட்டியதையே வாங்க வேண்டும். வெறும் பற்றரியின் மேல் நேராக ஈயம் பற்ற வைத்தால் சூட்டில் அது கெட்டுவிடும், வெடிக்கவும் கூடும். வெக்கையில் மாதக்கணக்காகக் கிடந்த லித்தியம் பற்றரி பாவிக்காமலே வலு குறையும். அதனால் கடையிலேயே அளந்து வாங்குவது நல்லது.

ஈசி ஃபிளாஷ் ஒமேகாவின் டெஃபினிட்டிவ் எடிஷன், அதாவது டிஈ, சேவ் பதிவை எஃப்ராமில் வைக்கிறது. எஃப்ராம் மின்சாரம் இல்லாமலே பதிவைக் காப்பாற்றும் நினைவகம். இதிலும் பற்றரி உண்டு, ஆனால் அது மணிக்கூட்டுக்கு மட்டும். அது செத்தால் நேரம் பார்த்து நடக்கும் விளையாட்டுகள் குழம்பும். சேவ் அப்படியே இருக்கும். புதிதாக வாங்குபவருக்கு எங்கள் தெரிவு இதுதான். கையில் எக்ஸ்5 இருப்பவர் அதை விற்கத் தேவையில்லை, பற்றரியை மாற்றினால் போதும்.

சூப்பர்காட் எஸ்டி மலிவாகக் கிடைக்கலாம். விளையாட்டை முதலில் கணினியில் பட்ச் பண்ண வேண்டும், அதாவது கோப்பை அந்தக் காட்ரிஜுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். சேவ் செய்தபின் எல், ஆர், ஏ, செலக்ட் நான்கையும் ஒன்றாக அழுத்தினால்தான் அது எஸ்டி காட்டில் எழுதப்படும். நினைவகம் மெதுவானது, சில விளையாட்டுகள் இழுபடும். இது காட்ரிஜின் இயல்பு. திருத்த முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். எஸ்டி காட்டை வாசிக்கவில்லை என்றால் 2 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த காட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றுக்கும் பொதுவான பழுதுகளைப் பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. ஒன் செய்ததும் ‘கேம்போய்’ எழுத்து வந்து, அதன் கீழே ‘நின்டெண்டோ’ வராமல் நின்றால், கன்சோல் காட்ரிஜைச் சரியாக வாசிக்கவில்லை. எஸ்டி காட்டை மாற்றிப் பயனில்லை. ஏ9 வீதியோரச் செம்புழுதியும் மாரிகால ஈரமும் சேர்ந்தால் 32 பின்களில் ஒன்றிரண்டு தொடாமல் போவது சாதாரணம். போன் திருத்தும் கடைகளில் பாவிக்கும் ஐசோபுரோபைல் அல்ககோலை பட்ஸில் தொட்டு, பின்களின் நீளவாக்கில் துடையுங்கள். ஐந்து நிமிடம் உலரவிட்டுப் போடுங்கள். அழிறப்பர் தங்கப் பூச்சை உரித்துவிடும்.

‘நின்டெண்டோ’ வந்தபின் மெனு வராவிட்டால் சந்தேகம் எஸ்டி காட்டின் மேல். எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபோர்மட் பண்ணுங்கள். 64 ஜிபி காட்டுகள் எக்ஸ்ஃபாட் என்ற வேறு முறையில் வரும், பெரிதாக வாங்கி அவதிப்படுவதைவிட 16 அல்லது 32 ஜிபி போதும் (சூப்பர்காட்டுக்கு மேலே சொன்ன 2 ஜிபி). எவர்ட்ரைவுக்கு ‘ஜிபிஏசிஸ்’ போல்டர் காட்டின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். போலிக் காட்டுகள் உண்மைக் கொள்ளளவு நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைக் கணினியில் போட்டு முழுவதும் எழுதி வாசித்துப் பாருங்கள்.

விளையாட்டு ஏறும்போது நின்றுபோனால் ஏஏ பற்றரிகளைப் பாருங்கள். ஃபிளாஷ் காட்ரிஜ்கள் சாதாரண காட்ரிஜைவிடக் கூடுதல் மின் இழுக்கும். பலசரக்குக் கடையில் கிடைக்கும் மலிவான கார்பன் பற்றரி அந்த இழுவையில் வோல்ற் குறைந்து கன்சோலை மீளத் தொடக்கிவிடும். அல்கலைன் அல்லது ரீசார்ஜ் பண்ணும் நிக்கல் பற்றரி போடுங்கள். முக்கியமாக, டிஈயில் ஆர் பொத்தானை அழுத்தியபடி கேர்னலை (காட்ரிஜின் மெனுவை இயக்கும் மென்பொருளை) புதுப்பிக்கும்போது புதிய பற்றரிதான் இருக்க வேண்டும். இடையில் மின் போனால் மெனுவே வராமல் போகலாம்.