கிளட்ச் பெடல் கீழயே தங்குதா? ஏர் எடுக்கறதா, கிட் போடறதா, புது சிலிண்டரா

போன ஐப்பசி மழையில சென்னை கத்திப்பாரா பாலம் ஏறும்போது எங்க பழைய டெம்போ ட்ராவலர்ல கிளட்ச மிதிச்சேன், மிதிச்ச பெடல் மேல வரவே இல்ல. ஷூ நுனிய அடியில குடுத்து தூக்கி, நாலஞ்சு தடவ பம்ப் பண்ணதும் தான் கியர் விழுந்துச்சு, அப்படியே செகண்ட்லயே உருட்டிக்கிட்டு ஈக்காட்டுத்தாங்கல் வந்து சேர்ந்தேன். அதுக்கப்புறம் ஆறு வாரத்துல மூணு வழியும் பண்ணி பாத்தாச்சு.

முதல்ல இத பிரிச்சு பாருங்க. பெடல் நல்லா டைட்டா இருக்கு ஆனா ஆக்சிலேட்டர் குடுத்தா இன்ஜின் மட்டும் கத்துது வண்டி இழுக்கலன்னா அது பெரும்பாலும் கிளட்ச் பிளேட், அதுக்கு சிலிண்டர் மாத்தி பிரயோஜனமே இல்ல. பெடல் பஞ்சு மாதிரி இருக்கு, ரிவர்ஸ் போட்டா கர்ர்னு அரைக்குதுன்னா தான் ஹைட்ராலிக் பக்கம் போகணும், அதாவது பெடல் கிட்ட இருக்கற மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயில தள்ள, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கற ஸ்லேவ் சிலிண்டர் அத வாங்கி கிளட்ச விடுவிக்கற சிஸ்டம். ஆம்னி மாதிரி கேபிள் வண்டிக்கு இதெல்லாம் கிடையாது.

ஏர் எடுக்கறது, அதாவது ஆயில் லைன்ல புகுந்த காத்த வெளிய விடறது தான் எல்லாரும் முதல்ல பண்றது. ஒருத்தர் பெடல மிதிச்சு பிடிக்க, இன்னொருத்தர் ஸ்லேவ் சிலிண்டர்ல காத்து வெளிய விடற திருகு, அந்த நிப்பிள லூஸ் பண்ணி திரும்ப டைட் பண்ணணும், டைட் பண்ணதுக்கு அப்புறம் தான் கால எடுக்கணும், நடுவுல டப்பாவுல ஆயில் காலியாகக்கூடாது. அரை மணி நேர வேல, செலவு பிரேக் ஆயில் மட்டும் தான். எனக்கு ஒன்பது நாள் நின்னுச்சு. யாராச்சும் பைப்ப கழட்டி மாட்டியிருந்தா இது போதும், ஆனா சும்மா ஓடிட்டிருந்த வண்டியில தானா காத்து புகுந்திருக்குன்னா எங்கயோ வாஷர் (சிலிண்டர் உள்ள ஆயில் ஒழுகாம அடைக்கற ரப்பர்) போயிருக்கு, அத விட்டுட்டு காத்த மட்டும் எடுத்தா அது திரும்ப வரத்தான் செய்யும். சில வண்டியில பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா, அதுல ஆயில் குறையுதுன்னா ஒரு நாள் கூட தள்ளிப்போடாதீங்க.

அடுத்தது கிட்டா (பழைய சிலிண்டருக்கே புது வாஷர் செட்) புது சிலிண்டராங்கற கேள்வி, இதுல தான் நான் காச விட்டேன். எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல, ஸ்லேவ் சிலிண்டர் முனையில மூடியிருக்கற ரப்பர் உறைய (பூட்) விரலால விலக்கி பாருங்க, உள்ள கறுப்பா ஈரமா இருந்தா ஸ்லேவ் வாஷர் போச்சு. பெடலுக்கு மேல ராட் நுழையற இடம் ஈரமா இருந்தா, இல்ல கால் மேட்ல ஆயில் சொட்டினா, மாஸ்டர். வெளிய ஒரு சொட்டு கூட இல்ல, ஆனா சிக்னல்ல மிதிச்சு பிடிச்சிருக்கும்போது வண்டி மெதுவா முன்னாடி நகருதுன்னா, பெரும்பாலும் மாஸ்டர் உள்ள வாஷர் பிரஷர பிடிக்காம ஆயில பின்னாடி விடுது.

எனக்கு ஸ்லேவ். வாஷர் கிட் போட்டேன், நாலு வாரம் கூட தாங்கல. திரும்ப கழட்டினப்போ மெக்கானிக் அண்ணா சிலிண்டர என் கையில குடுத்து, "உள்ள நகத்த விட்டு இழுத்து பாருங்க சார்"னாரு. அடிப்பக்கம் கடுகு சைஸ்ல குழி குழியா, நகம் மாட்டி மாட்டி நின்னுச்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், நம்ம ஊர் புழுக்கத்துல சொல்லவே வேணாம், வருஷக்கணக்கா ஆயில் மாத்தலன்னா அந்த தண்ணி உள்ள துரு பிடிக்க வைக்கும், அந்த குழி மேல புது வாஷர் ஓடினா பிளேடு மேல ஓடற மாதிரி தான். அதனால கண்ணாடி மாதிரி வழவழப்பா இருந்தா கிட் போடுங்க, அது நல்ல வேல, வீண் செலவு இல்ல. நகம் மாட்டுச்சுன்னா கிட் வேண்டவே வேண்டாம், எமெரி பேப்பர் போட்டு தேய்ச்சு தரேன்னு சொன்னாலும் ஒத்துக்காதீங்க.

புதுப்பேட்டையில பழைய சிலிண்டர் கெடைக்கும், ஆனா அதுவும் நம்முது மாதிரியே வயசானது தான, பாடிய மட்டும் பாத்து வாங்கினா உள்ள இருக்கற குழி தெரியாது. பார்ட் கெடைக்கவே கெடைக்காத வண்டின்னா லேத்ல ஸ்லீவ் (சிலிண்டர் உள்ள புது குழாய்) அடிச்சு போடலாம், மத்தபடி ஜி.பி. ரோட்ல புதுசு வாங்கறது தான் என் ஓட்டு. பழச கையோட எடுத்துட்டு போங்க, விட்டம் மாறிப்போனா பெடல் தூரமே மாறிடும். நான் மாஸ்டரையும் சேர்த்தே மாத்தினேன், ஏன்னா ஸ்லேவ் புதுசானதும் முழு பிரஷர் பழைய மாஸ்டர் மேல திரும்பும், அதுவும் அதே வயசு, அதே ஆயில்ல ஊறினது. ரப்பர் ஹோஸையும் ஒருத்தர மிதிக்க சொல்லி கையால பிடிச்சு பாத்தேன், பலூன் மாதிரி உப்புச்சு, அதையும் தூக்கி போட்டாச்சு.

ஆயில் டப்பா மூடியில என்ன கிரேடு போட்டிருக்கோ அது தான், டாட் 3னா டாட் 3, டாட் 4னா டாட் 4. அவசரத்துக்குன்னு இன்ஜின் ஆயில ஊத்திடாதீங்க, வாஷரெல்லாம் ஊதிப்போயிடும். பெயிண்ட் மேல பிரேக் ஆயில் பட்டா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க.

நேத்து காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்லேவ் ரப்பர் பூட்ட விலக்கி பாத்தேன், உள்ள காஞ்சு சுத்தமா இருக்கு.