மானிட்டர் வாங்குவோர் கவனத்துக்கு: பில்லில் மாடல் எண் இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்

கேமிங்குக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் சேர்த்துக் குறைந்த பட்ஜெட்டில் ஒரே மானிட்டர் தேடுபவர்கள், சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றில் எனக்கு நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

24 அங்குலம், எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரை (பேனல்), நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் வேகம், இணையப் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் பொதுவான நிறத் தரமான எஸ்ஆர்ஜிபியின் நிறப்பரப்பு ஏறக்குறைய முழுமையாக வேண்டும் என்று கேட்டிருந்தேன். கடையில் ஓடிக்கொண்டிருந்த டெமோ மானிட்டர் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாமல் நன்றாகவே இருந்தது. பணம் கட்டியபின் சீல் வைத்த பெட்டியொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டில் இணைத்துப் பார்த்தபோது, நாற்காலியில் சற்றுச் சாய்ந்தாலே திரையின் மேற்பகுதி இருண்டது. பின்புற ஸ்டிக்கரில் இருந்த மாடல் எண், டெமோவில் நான் படம் எடுத்து வைத்திருந்த எண்ணிலிருந்து கடைசி எழுத்தில் மட்டும் வேறுபட்டது. அந்த ஓர் எழுத்தில்தான் ஐபிஎஸ் போய், கோணம் மாறினால் நிறமும் மாறும் மலிவு வகையான டிஎன் பேனல் வந்திருந்தது. பில்லிலோ ‘24 இன்ச் எல்இடி மானிட்டர்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

விளையாட்டுக்கு அதை வைத்து ஒப்பேற்றிவிடலாம். எடிட்டிங்கில்தான் கேடு முழுமையாகத் தெரிந்தது. அந்த மாடல் காட்டக்கூடிய நிறப்பரப்பு, என்டிஎஸ்சி என்ற பழைய தொலைக்காட்சி நிற அளவுகோலில் 45 சதவீதம். முழு எஸ்ஆர்ஜிபிக்கு அதே அளவில் சுமார் 72 சதவீதம் தேவை. கல்யாண வீடியோவில் அரக்குப் பட்டு செங்கல் நிறமாக வெளிறித் தெரியவே, நிறச்செறிவைக் கூட்டிக் கொடுத்தேன். அதே காட்சியைக் கைப்பேசியில் பார்த்தால் மணப்பெண்ணின் முகம் ஆரஞ்சுப் பழம்போல் இருந்தது. வேகமான காட்சிகள் மங்கலாகத் தெரியாது என்பதைக் காட்டப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த ‘1 மில்லி செகண்ட்’ என்பதும், பின்னொளியை அணைத்து அணைத்து எரியவிடும் முறையில் கிடைக்கும் எண்தான். அதை இயக்கினால் திரை மங்கிவிடுகிறது.

மறுநாளே மாற்றித் தரக் கேட்டபோது, சீல் உடைத்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறையாகும். இதை எடுத்துச் சொன்ன பிறகும் அவர் அசையவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். டெமோவின் ஸ்டிக்கரைப் படம் எடுத்திருந்ததுதான் இப்போது என் கையிலுள்ள ஒரே ஆதாரம்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லி, கீழிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்து, விண்டோஸ் அமைப்புகளில் 144 ஹெர்ட்ஸ் உண்மையில் வருகிறதா என்று சோதியுங்கள். பல மலிவு மாடல்களில் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக முழு வேகம் கிடைக்காது என்பதால், கணினியை மானிட்டருடன் இணைக்கும் இன்னொரு வகையான டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையும் கேட்டு வாங்குங்கள். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுத்துக்கு எழுத்து பில்லில் ஏறிய பிறகே பணத்தைக் கொடுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.