ஃபொக்ஸ் 40 கிளாசிக் விசில்: அணியைப் பழக்குபவர் வாங்கலாமா?

மட்டக்களப்பில் உதைபந்தாட்டம் பழக்கத் தொடங்கும் ஒருவர் முதலில் வாங்குவது விசில். அதிகம் யோசிக்காமல் வாங்குவதும் அதைத்தான். கடையில் கொத்தாகத் தொங்கும் மலிவு விசிலுக்குள் ஒரு சிறு உருண்டை இருக்கும். கல்லடிக் கடற்கரையில் சில கிழமை பாவித்தால் அதன் குறை தெரிந்துவிடும். மணல் உள்ளே போனால் உருண்டை சுழலாது. மாரி மழையில் நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் பலமாக ஊதும்போது இறுகி நின்று, வெறும் காற்றுத்தான் வரும்.

ஃபொக்ஸ் 40 இந்தக் குறையிலிருந்து பிறந்தது. கனடாவைச் சேர்ந்த கூடைப்பந்து நடுவர் ரொன் ஃபொக்ஸ்குரொஃப்ட், போட்டி நேரத்தில் உருண்டை சிக்கிச் சத்தம் வராமல் போன பிறகுதான் உருண்டையே இல்லாத விசிலைத் தேடினார். 1987இல் அது சந்தைக்கு வந்தது. அசையும் பாகம் எதுவும் இல்லை, மூன்று காற்றறைகள் மட்டுமே. அறைகளின் சுருதிகள் சற்றே வேறுபடுவதால் அவை சேர்ந்து எழுப்பும் ஒலி அதிர்ந்து, காதில் குத்துவது போல் கேட்கும். எவ்வளவு பலமாக ஊதினாலும் அடைக்காது. மழையில் நனைந்தாலும் உதறிவிட்டு ஊதலாம்.

சத்தம் 115 டெசிபல். தரைப் பக்கமிருந்து கடலுக்கு வீசும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கல்லடியில் அலைச் சத்தத்தையும் மீறி மைதானத்தின் மறுமுனைக்குக் கேட்கும். வாவிப் பக்கம் நின்று கடலை நோக்கி ஊதினால் காற்றே ஒலியைக் கொண்டுபோகும். எதிர்ப்பக்கம் நின்று ஊதினால் பாதி வீணாகும். ஆனால் இந்தச் சத்தத்துக்கு அஞ்சவும் வேண்டும். 85 டெசிபலை எட்டு மணிநேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது தொழிற்சுகாதாரக் கணக்கு. அதன்படி 115 டெசிபலுக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு அரை நிமிடத்துக்கும் குறைவு. இந்தச் சத்தத்தை அதிகம் வாங்குவது ஊதுபவரின் காதுதான். பிள்ளையின் காதருகில் நின்று ஒருபோதும் ஊதக்கூடாது. மூடிய கூடத்தில் கூடைப்பந்து, வலைப்பந்து பழக்குபவர்களுக்கு இதே நிறுவனத்தின் சத்தம் குறைந்த பேர்ல் வகை போதும்.

இவ்வளவு வலுவான விசில் கையில் இருக்கும்போது வரும் பெரிய கேடு, அடிக்கடி ஊதுவது. ஒவ்வொரு பிழைக்கும் ஆட்டத்தை நிறுத்தினால் ஒரு மாதத்துக்குள் பந்து காலில் இருக்கும் பிள்ளை தலையைத் தூக்கிச் சக வீரனைப் பார்க்காது, உங்களைப் பார்க்கும். "குடுக்கட்டா சேர்?" என்று கேட்கும் அணி, கேட்டு முடிப்பதற்குள் பந்தை இழந்துவிடும். உதைபந்தாட்ட விதிகளில் நடுவர்களுக்கான வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது: தேவையின்றி அடிக்கடி ஊதினால், தேவைப்படும்போது விசிலுக்கு மதிப்பு இருக்காது.

அதனால் மூன்று சைகை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய ஓர் ஊதல் என்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இரண்டு என்றால் நடுவுக்கு ஓடி வர வேண்டும். நீண்ட ஊதல் தண்ணீர் குடிக்க. நாக்கு நுனியால் துவாரத்தை அடைத்து, 'து' என்று சொல்வது போல விட்டால் குறுகிய ஊதல் வெட்டென்று வரும். பத்து நிமிட ஆட்டத்தில் இரண்டு தரத்துக்கு மேல் நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் இருபது விநாடிக்குள், ஒரேயொரு விடயம். அதையும் கேள்வியாகக் கேளுங்கள்: "மகன், உனக்கு இடப்பக்கம் ஆர் நிக்கிறது?" பிள்ளை திரும்பிப் பார்த்ததும் பாடம் முடிந்தது. மீண்டும் தொடங்க விசில் வேண்டாம், "விளையாடு" என்றால் போதும். நீங்கள் விரிவுரை நடத்தினால் கால்கள் குளிர்ந்துவிடும், கவனம் சிதறிவிடும்.

உடல் சூடேற்றும் பகுதியை அணித்தலைவரிடம் விடுங்கள். அவருக்குத் தனி விசில் வாங்கிக் கொடுங்கள். ஒரே விசிலை இருவர் வாயில் வைப்பது சுகாதாரமில்லை. முதல் சில நாள் ஒழுங்கு குலையும், வரிசை கோணும். அப்போது குறுக்கிட்டு நீங்கள் ஊதினால் அவர் கையிலிருந்த பொறுப்பைப் பிள்ளைகள் முன்னால் பறித்ததாகிவிடும். பிழையைப் பயிற்சி முடிந்தபின் தனியாகச் சொல்லுங்கள். பொறுப்பு எதுவும் கொடுக்காமல் தலைவர் பதவியைக் கைப்பட்டியோடு நிறுத்திவிடும் அணிகளில் போட்டி நாளில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அன்று எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் உங்கள் விசில் பைக்குள் இருக்க வேண்டும். ஊதினால் வீரர்கள் அதை நடுவரின் விசில் என்று நினைத்து நின்றுவிடுவார்கள். வெபர் மைதானம், கல்முனை சந்தாங்கேணி போன்ற இடங்களில் பல அணிகள் பக்கம் பக்கமாகப் பழகும்போதும் இதே குழப்பம் வரும். பக்கத்து அணியின் பயிற்றுநரோடு பேசி, உங்கள் சைகைகளை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

குறை என்று பார்த்தால் விலை, சாதாரண விசிலைப் போலப் பல மடங்கு. ஒலியில் ஏற்ற இறக்கமும் குறைவு. உருண்டை விசிலில் மெதுவாக உருட்டி ஊதிப் பழகியவர்களுக்கு இது கடுமையாகவே தோன்றும். போலிகளும் உண்டு. பிளாஸ்டிக் பொருத்து சொரசொரப்பாக இருந்தால், ஒலி அதிராமல் ஒற்றைச் சுருதியில் வந்தால் வாங்காதீர்கள்.

உப்புக் காற்றில் பாவித்தால் கிழமைக்கு ஒருமுறை இளஞ்சூட்டு நீரில் இரண்டு சொட்டு சவர்க்காரம் விட்டுக் கழுவி, துவாரம் கீழ்நோக்கியிருக்கக் காயவையுங்கள். மணலை மென்மையான பல்தூரிகையால் எடுக்கலாம். கம்பியோ ஊசியோ விட்டால் காற்றை வெட்டும் விளிம்பு கீறி ஒலி கெடும். கழுத்துக் கயிறு, வீரர்களோடு மோதி விளையாடிக் காட்டும்போது சிக்கும். மணிக்கட்டுப் பட்டியே நல்லது.