வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு எடுத்து மலையேறாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் மறுபடியும் அந்த போஸ்டர் சுற்றுகிறது. பனி மூடிய மலை, கீழே பச்சைப் பள்ளத்தாக்கு, உச்சியில் ஏதோ ஐரோப்பிய நாட்டுக் கோட்டை, மேலே "மலைப் பள்ளத்தாக்குகளும் சரித்திரக் கோட்டைகளும், மூன்று நாள் புல்லட் பயணம்" என்று எழுதியிருக்கும். போன மே மாதம் இதே போஸ்டரைப் பார்த்துத்தான் நானும் என் மச்சினனும் பணம் கட்டினோம். அவனால் இன்னும் இடது கையை முழுசாகத் தூக்க முடியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், வீட்டில் பைக் ஆசை உள்ள பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

ஆளுக்கு 11,500 ரூபாய். வண்டி, பெட்ரோல், தங்கல், சாப்பாடு எல்லாம் அதிலேயே சேர்த்தி, பின்னாலேயே மெக்கானிக்கோடு ஒரு வேன் வரும் என்றார்கள். முதல் நாள் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, திருமயம். மறுநாள் திண்டுக்கல் மலைக்கோட்டை, சிறுமலை. மூன்றாம் நாள் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி, பழனி வழியாக இறக்கம். மச்சினன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் லீவு கிடைக்கும். "அத்தான், இந்தத் தடவையாவது போயிருவோம்" என்று அவன் கேட்டபோது எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. நடத்துகிறவரும் நம்ம ஊர்க்காரர், டீக்கடையில் உட்கார்ந்து அண்ணே அண்ணே என்று அவ்வளவு பிரியமாகப் பேசினார். முன்பணம் 12,000 ரூபாயை அவருடைய சொந்த நம்பருக்கே ஜிபேயில் அனுப்பினேன், ரசீது கேட்கவில்லை.

கானாடுகாத்தானில் அரண்மனை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். உள்ளே விட யாரிடமும் பேசி வைக்கவில்லை. அங்கே பெரும்பாலானவை தனியார் வீடுகள், பங்காளிகள் அனுமதித்தால்தான் உள்ளே போகலாம், இது செட்டிநாட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். ஆத்தங்குடியில் வீடு பார்க்கும் கட்டணத்தை நாங்களே கொடுத்தோம். திருமயம் போய்ச் சேர்ந்தபோது கோட்டைக் கதவை மூடியிருந்தார்கள். 1687இல் ராமநாதபுரம் அரசர் சேதுபதி கட்டிய கோட்டை அது, ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து புதுக்கோட்டை பஸ்ஸின் ஜன்னல் வழியாகவே பார்த்து வளர்ந்திருக்கிறேன். பாறை உச்சியில் இருக்கும் பீரங்கி வரை மச்சினனைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன், நடக்கவில்லை.

இதெல்லாம் ஏமாற்றம்தான், இதற்காக மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வண்டிகள்தான் விஷயம்.

காரைக்குடியில் சாவி கொடுக்கும்போதே பார்த்தோம், ஒன்பது வண்டியிலும் வெள்ளை நம்பர் பிளேட், அதாவது சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான வண்டிகள். மச்சினன் கேட்டான். "தெரிஞ்சவங்க வண்டிண்ணே, ஒன்னும் ஆகாது, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க" என்று நடத்துகிறவர் ஒரு காகிதத்தை நீட்டினார். போட்டோம். எங்கள் வண்டியின் பின் டயரில் பட்டனே இல்லை, வழவழவென்று தேய்ந்திருந்தது. திண்டுக்கல்லில் மாற்றித் தருகிறோம் என்றார்கள். திண்டுக்கல் வந்ததும் கோட்டைக்கு நாற்பது நிமிடம்தான் என்று விரட்டினார்களே தவிர டயரைப் பற்றிப் பேச்சில்லை. 1605இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டையை நாற்பது நிமிடத்தில் எப்படிப் பார்ப்பது, படியேறி மூச்சு வாங்குவதற்கே அது சரியாக இருந்தது.

சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது மச்சினன் ஓட்டினான், நான் பின்னால். மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜின் இழுவையிலேயே வர வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். இது அவனுக்குத் தெரியும், அப்படித்தான் வந்தான். ஆனால் அந்த வண்டியின் பின் பிரேக் ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தது. ஒரு வளைவில் மணல் கிடந்தது, டயர் சறுக்கியது, அவன் தோள்பட்டை போய்த் தடுப்புச் சுவரில் அடித்தது. எனக்குச் சிராய்ப்போடு போயிற்று.

மெக்கானிக் வேனுக்கு போன் அடித்தால், அது பைகளை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு போய்விட்டதாம். வாழைத்தார் ஏற்றி வந்த ஜீப்காரர் ஒருவர்தான் நிறுத்தி அவனைக் கீழே கொண்டுவந்தார், அடிவாரத்தில் 108 வந்தது. காசு கொடுத்தபோது அந்த ஜீப்காரர் வாங்கவில்லை, அவரை மறக்க மாட்டேன். இடது காறை எலும்பு உடைந்திருந்தது. அப்புறம் மதுரையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள், 1,40,000 ரூபாய் ஆனது. அவன் லீவு முழுக்கக் கட்டிலில் போயிற்று. என் மாமியாருக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் வண்டியின் பதிவுச் சான்றை, அதாவது ஆர்சியை, ஒழுங்காகப் பார்த்தேன். மதுரையில் யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. இன்சூரன்ஸ் நான்கு மாதத்துக்கு முன்பே முடிந்திருந்தது. சரி, அது உயிரோடு இருந்திருந்தால் மட்டும் என்ன? சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான வண்டியை வாடகைக்கு விட்டால், அதைச் சொல்லியே இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க முடியும். மூன்றாம் நபர் பாலிசி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் உள்ளது) என்றால் தானாக விழுந்து எலும்பை உடைத்துக்கொண்ட வாடகைக்காரருக்கு அதில் எதுவும் இல்லை. நாங்கள் விழுந்தோம், சரி. எதிரே நடந்து வந்த ஒருவர்மேல் மோதியிருந்தால், அந்தக் குடும்பத்துக்கான நஷ்டஈடு ஓட்டியவன் தலையிலும் வண்டிக்காரர் தலையிலும்தான் விடிந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நாமே ஓட்டுவதற்கு வாடகைக்கு விடும் வண்டி என்றால் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். 1997ஆம் வருடத்திலிருந்தே இதற்கென்று மத்திய அரசின் திட்டம் இருக்கிறது, உரிமம் வாங்கியவர்கள்தான் வாடகைக்கு விடலாம். ஆகவே பணம் கட்டும் முன்பே வண்டியின் போட்டோவும் ஆர்சியும் இன்சூரன்ஸ் தேதியும் கேளுங்கள். தர யோசித்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஹெல்மெட்டையும் கையில் வாங்கிப் பாருங்கள், எங்களுக்குக் கொடுத்ததில் ஒன்றுக்கு வார் அறுந்திருந்தது.

எங்களோடு வந்த மற்றவர்கள் மறுநாள் கொடைக்கானல் போனார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்கே போக இ-பாஸ் வேண்டும், அதைக்கூட எடுத்து வைக்கவில்லை. சோதனைச் சாவடியிலேயே நிறுத்தி, பாதிப் பேர் அப்படியே ஊர் திரும்பியிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அந்தக் கையெழுத்துக் காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். "சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" என்று அதில் இருந்ததாம். வண்டிச் சேதத்துக்கு 18,000 ரூபாய் நாங்கள் தர வேண்டும் என்று வேறு கேட்டார். இரண்டு நாள் கழித்து என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன், காவல் நிலையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். வக்கீல் இல்லாமல் நாமே மனு போடலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயந்து சும்மா இருக்காதீர்கள்.

அந்தப் பயணத்திலோ அதற்கு முன்னாலோ இவர்களிடம் போன யாராவது இதைப் படித்தால், நீங்கள் ஓட்டிய வண்டியின் நம்பர் பிளேட் தெரிகிற போட்டோவும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடுத்த வாரம் மனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், இதுவரை மூன்று பேருடையதுதான் வந்திருக்கிறது.