நிக்குட் புள்ளிகளோடு சில வருடங்கள்

வேதாகமத்தின் சங்கீதங்களை எபிரேய மூலத்திலேயே வாசிக்கும் ஆசையில்தான் தொடங்கினேன். எபிரேயத்தின் 22 எழுத்துகளும் மெய்கள். உயிரொலிக்கு எழுத்தின் கீழும் மேலும் புள்ளிகள், கோடுகள் இடுவார்கள், அதுதான் நிக்குட். இன்று அச்சில் காண்பது, எபிரேய வேதாகமப் பாடத்தைப் பேணிய, திபேரியா நகரின் மசோரெட் அறிஞர்கள் 10-ஆம் நூற்றாண்டுக்குள் செம்மைப்படுத்திய முறை.

உயிர்மெய் பழகிய கண்ணுக்கு ஆரம்பம் சுலபம். 23-ஆம் சங்கீதத்தின் முதல் சொல் ‘மிஸ்மோர்’. முதலெழுத்து மேம் (ம); அதன் கீழ் ஒற்றைப் புள்ளி, அது இகரம். அடுத்த எழுத்து ஸாயினின் (ஸ) கீழ் செங்குத்தாக இரண்டு புள்ளி, ஷ்வா. இங்கே உயிரில்லை, நம் மெய்ப்புள்ளி மாதிரி. அடுத்த மேமை ஒட்டி வாவ் என்ற எழுத்து, தலையில் புள்ளியோடு: ஓ. கடைசியில் ரேஷ் (ர்). சில வாரம் பழகினால் இதெல்லாம் கைக்கு வந்துவிடும்.

படுத்துவது காமத்ஸ். சின்ன ஆங்கில ‘டி’ (T) வடிவக் குறி. பெரும்பாலும் ‘ஆ’, சில இடங்களில் ‘ஓ’. ‘ஹோக்மா’ என்ற ஒரே சொல்லில் முதல் காமத்ஸ் ஓ, இரண்டாவது ஆ! அழுத்தம் விழாத, மெய்யில் முடியும் அசையில் வந்தால் ஓ என்று விதி இருக்கிறது. ஆனால் அழுத்தம் எங்கே என்று தெரிய அந்தச் சொல்லே தெரிந்திருக்க வேண்டுமே. ‘ரூவாஹ்’ மாதிரிச் சொற்களில் இன்னொரு வேடிக்கை: கடைசி எழுத்தின் கீழுள்ள பதாஹ் கோட்டை அந்த எழுத்துக்கு முன்பே ஒலிக்க வேண்டும்.

போன் திரையில் வாசிப்பவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். காமத்ஸும் பதாஹும் குழம்பினால் இன்றைய உச்சரிப்பில் பெரிய நஷ்டமில்லை, பெரும்பாலும் இரண்டும் ஆ-தான். ஆனால் பேட் (b) எழுத்தின் வயிற்றிலுள்ள புள்ளி கண்ணில் படாவிட்டால் அது வேட் (v) ஆகிவிடும்.

அப்புறம் செய்தித்தாள். இஸ்ரேலில் குழந்தைப் புத்தகம், கவிதை, ஜெபப் புத்தகம் தாண்டினால் நிக்குட் அரிது. ஸாமெக்-பே-ரேஷ் (ஸ-ப-ர) என்று மூன்றெழுத்து மட்டும் நிற்கும். ‘ஸேஃபெர்’ என்றால் புத்தகம், ‘ஸப்பார்’ என்றால் முடிதிருத்துபவர். வாக்கியம்தான் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு, புள்ளியை எடுத்தால் எழுத்துக்கூட்டலே மாறும்: ‘சொன்னான்’ என்னும் ‘ஸிப்பேர்’ நடுவே யோத் என்ற எழுத்தைச் சேர்த்துக்கொள்ளும். புள்ளிகளை மட்டும் நம்பி வளர்ந்த எனக்கு இங்கே வேகம் ஆமை நடைதான். வினை வாய்பாடுகளை மனப்பாடம் செய்த பிறகே மாற்றம் தெரிந்தது.

இப்போது தெரியாத வினைச்சொல்லுக்கு, வினை வாய்பாடுகள் தரும் பெயாலிம் என்ற இணையதளம். முழு வாக்கியத்துக்குப் புள்ளியிட டிக்டாவின் நக்தான் என்ற இணையக் கருவி. நக்தான் சில சமயம் தவறாகவும் இடும், சரிபார்க்க வேண்டும். ஜெபப் புத்தகம் வாங்குகிறவர்கள் ‘ஓ’ ஒலிக்கும் காமத்ஸை வேறு வடிவில் அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். நான் அது இல்லாத பதிப்பை வைத்துக்கொண்டு இன்னும் பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கிறேன்.